பழைய மடிக்கணினியும் புதிய வை-ஃபை அட்டையும்

நம்மவர் வீடுகள் பலவற்றில் பத்து வருடங்களைக் கடந்த மடிக்கணினி ஒன்று இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றது. அலுவலகம் ஒன்று கழித்து விற்றபோது மலிவாக வாங்கப்பட்டதாக அது இருக்கலாம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்துக்கொண்ட மூத்த பிள்ளை விட்டுச் சென்றதாக இருக்கலாம். புதிதாக வந்திறங்கிய உறவினருக்கென்று யாரோ மனமுவந்து கொடுத்ததாகவும் இருக்கலாம். கடிதம் எழுதவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், ஊரிலுள்ள தாய் தந்தையரோடு முகம் பார்த்துப் பேசவும் அது போதுமானது. ஆயினும் பேசிக்கொண்டிருக்கையில் படம் உறைந்து நிற்கின்றது. குரல் அறுந்து அறுந்து கேட்கின்றது. உடனே வீட்டார், "இது பழசாகிவிட்டது, இனிப் புதிதுதான் வாங்க வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

பல வேளைகளில் இது அவசர முடிவாகும். கணினியின் மூளையும் நினைவகமும் நன்றாகவே இருக்க, கம்பியில்லா இணைப்பைத் தருகின்ற சிறிய அட்டை ஒன்று மட்டும் காலத்தாற் பின்தங்கிப் போயிருக்கக்கூடும். தீப்பெட்டியிலும் சிறிய அந்த அட்டையை முப்பது டொலர் அளவில் வாங்கி, அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மாற்றலாம் என்று எழுதுவது எளிது. சில கணினிகள் அதற்கு இடங்கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.

இதில் ஊர்க்கதை பேசுவதற்கு மேலான காரியமும் உண்டு. கனடாவின் குடிவரவு அகதிகள் சபை, 2020 ஆம் ஆண்டின் பின்னர் அகதிக் கோரிக்கை விசாரணைகளைப் பெரும்பாலும் காணொளி வழியாகவே நடத்தி வருகின்றது. நேரிற் தோன்ற விரும்புவோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனாற் பலர் வீட்டு மேசையிலிருந்தே, இத்தகைய மடிக்கணினி ஒன்றின் முன்னமர்ந்தே, தமது வாழ்வின் மிகக் கொடிய நாட்களைச் சொல்ல வேண்டியவர்களாகின்றனர். மொழிபெயர்ப்பாளரின் வசனம் பாதியில் அறுகின்றது. உறுப்பினர் மீண்டும் சொல்லும்படி கேட்கின்றார். இரண்டாந் தரம் சொல்லும்போது ஒரு திகதியோ ஓர் ஊர்ப்பெயரோ தடுமாறிவிட்டால், அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் ஒரு பழைய அட்டை என்று எவர் எழுதி வைக்கப் போகின்றார்?

முதலில் அந்த அட்டை என்ன செய்கின்றது என்று பார்ப்போம். அது ஒரு சிறு வானொலி. வீட்டிலுள்ள ரவுட்டரோடு அலைகளாற் பேசுவதே அதன் வேலை. அந்தப் பேச்சுக்கான விதிமுறைகள் 1999 ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகத் திருத்தப்பட்டு வந்துள்ளன. 802.11 'பி' எனப்பட்ட அன்றைய முறை செக்கனுக்கு 11 மெகாபிற் வேகமுடையது. 2003 இல் வந்த 'ஜி' முறை 54 மெகாபிற். 2009 இல் 'என்', 2013 இல் 'ஏ.சி.', 2021 இல் 'ஏ.எக்ஸ்.' என்பன நிறைவேறின. இந்த எழுத்துக்கள் மக்களைக் குழப்புகின்றன என்று உணர்ந்தோ என்னவோ, 2018 இல் இவற்றுக்கு இலக்கங்கள் சூட்டப்பட்டன: 'என்' என்பது வை-ஃபை 4, 'ஏ.சி.' என்பது வை-ஃபை 5, 'ஏ.எக்ஸ்.' என்பது வை-ஃபை 6. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகங்களெல்லாம் ஆய்வுகூடத்தில் அடையத்தக்கவை. வீட்டில் அவற்றின் பாதி கிடைத்தாற் பெரிய காரியம்.

உண்மையில் வேகத்தை விட அலைவரிசையே முக்கியமானது. பழைய அட்டைகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். அது நெரிசலான தெரு. வட அமெரிக்காவில் அதிலுள்ள வழித்தடங்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. நுண்ணலை அடுப்பும் அங்கேதான் இரைகின்றது. புளூடூத்தும் அங்கேதான் பேசுகின்றது. ஸ்காபரோவில் இருபது மாடிக் கட்டிடம் ஒன்றில் வசிப்பவர் தமது கணினியில் வை-ஃபை பட்டியலைத் திறந்து பார்க்கட்டும். முப்பது நாற்பது பெயர்கள் வரிசையாக வரும். அத்தனை பேரும் மூன்று வழித்தடங்களிற் போகவேண்டும். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலோ வழித்தடங்கள் பல. சுவர்களை ஊடுருவும் வலு அதற்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் மாடிக் கட்டிடத்தில் அதுவே ஒரு நன்மையாகின்றது: அயல்வீட்டு இரைச்சலும் சுவரைத் தாண்டி வருவதில்லை.

உதாரணமாக, 2011 இல் வெளிவந்த லெனோவோ நிறுவனத்தின் திங்க்பாட் எக்ஸ்220, ரி420 ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்களில் ஆயிரக்கணக்கிற் பாவிக்கப்பட்டு, பின்னர் பாவித்த கணினிக் கடைகளில் வந்து குவிந்தவை இவை. விசைப்பலகையும் உடலும் இரும்பு போன்றவை. இவற்றிற் சில, இன்ரெலின் 'சென்ரினோ வயர்லஸ்-என் 1000' என்ற அட்டையோடு விற்கப்பட்டன. அதற்கு 2.4 மட்டுமே தெரியும். வேறு சில 'அட்வான்ஸ்ட்-என் 6205' என்ற அட்டையோடு விற்கப்பட்டன. அதற்கு இரண்டு அலைவரிசைகளும் தெரியும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கணினிதான். ஒன்றில் காணொளி ஓடும். மற்றதில் திக்கித் திணறும்.

எனவே பணத்தைச் செலவிட முன்னர் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். கணினி வழமையாக இருக்கும் அதே மேசையில் கைத்தொலைபேசியை வைத்து, அதே வை-ஃபையில் வேகத்தை அளந்து பாருங்கள். தொலைபேசி விரைவாகவும் கணினி மந்தமாகவும் இருந்தால், அட்டையைச் சந்தேகிக்கலாம். இரண்டும் மந்தமென்றால் ரவுட்டரின் இருப்பிடத்தை மாற்றிப் பாருங்கள். நிலக்கீழ் வீட்டில் இருப்பவருக்கு மேல்மாடி அலுமாரியின் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு, அட்டையை மாற்றச் சொல்வதிற் பயனில்லை. அடுத்து, கணினியைக் கேபிள் மூலம் ரவுட்டரோடு நேரே இணைத்துப் பாருங்கள். அப்போதும் பக்கங்கள் ஊர்ந்து வந்தால், குறை கணினியின் பழைய சுழல்தட்டிலோ போதாத நினைவகத்திலோ, அல்லது நீங்கள் மாதாமாதம் காசு கட்டும் நிறுவனத்திலோ இருக்கின்றது. இன்னொன்று: யூ.எஸ்.பி. 3 இணைப்புக்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளைக் குழப்பும் என்பதை இன்ரெல் நிறுவனமே 2012 இல் வெளியிட்ட அறிக்கையொன்றில் எடுத்துக் காட்டியுள்ளது. வெளித்தட்டு ஒன்றைச் செருகியதும் வை-ஃபை தள்ளாடுகின்றதென்றால், அட்டை குற்றமற்றது.

அட்டைதான் என்று தீர்மானமானபின், எந்த அட்டை என்ற கேள்வி வரும். 2006 தொடக்கம் 2013 வரையிலான மடிக்கணினிகளிற் பெரும்பாலும் இருப்பது 'மினி பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' வகை. இதில் முழு நீளமும் உண்டு, அரை நீளமும் உண்டு. அதன் பின்னர் வந்தவற்றில் 'எம்.2' வகை, 22 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் நீளம். ஒன்றின் இடத்தில் மற்றது நேரே பொருந்தாது. இடையில் வைக்கும் மாற்றுப்பலகை விற்பனைக்கு உண்டு. ஆனால் எம்.2 அட்டையில் அன்ரெனா வயர் செருகும் குமிழ் பழையதை விடச் சிறியது என்பதைப் பலர் அட்டை வீட்டுக்கு வந்த பின்னரே காண்கின்றனர். பழைய வயரின் தலை அதிற் பொருந்தாது. மினி வகை வேண்டியவர்கள், 2013 இல் வந்த இன்ரெல் 7260 அட்டையை அவ்வடிவிலேயே தேடி வாங்குவது நல்லது. அது வை-ஃபை 5 வரை செல்லும். வீட்டுப் பாவனைக்குத் தாராளம்.

எம்.2 உள்ளவர்களுக்கு இன்ரெல் ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.210 என்பன நல்ல தெரிவுகள். இங்கே ஒரு பொறி உண்டு. ஏ.எக்ஸ்.201, ஏ.எக்ஸ்.211 என்று ஓர் இலக்கம் கூடிய அட்டைகளும் அதே தோற்றத்தில், சில வேளை மலிவாகவும் விற்கப்படுகின்றன. இவை தனித்து இயங்குபவை அல்ல. வானொலியின் பாதி வேலையை, அதற்கென வடிவமைக்கப்பட்ட இன்ரெல் கணினியின் உள்ளிருக்கும் சிப் செய்யவேண்டும். பழைய கணினியில் இவற்றைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. கடைக்காரர் பொருந்தும் என்று சொன்னாலும் கடைசி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஏ.எக்ஸ்.210 இன் 6 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் காட்டி விளம்பரம் செய்வார்கள். விண்டோஸ் முறையில் அதற்கு விண்டோஸ் 11 தேவை. அதற்கேற்ற ரவுட்டரும் தேவை. பழைய கணினிக்காரர் அதற்கென்று மேலதிக காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி, இடங்கொடுக்காத கணினிகளின் கதைக்கு வருவோம். எக்ஸ்220 இல் இருந்த அட்டையைக் கழற்றி, மேற்சொன்ன 7260 ஐ ஒருவர் செருகுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இடம் சரி, வயர் சரி, எல்லாம் பொருந்துகின்றது. கணினியை இயக்கியதும் கருந்திரையில் 1802 என்ற இலக்கத்தோடு ஓர் அறிவித்தல் தோன்றுகின்றது: அனுமதியற்ற வலையமைப்பு அட்டை செருகப்பட்டுள்ளது, கணினியை நிறுத்தி அதனை அகற்றுக. அதற்கு மேற் கணினி ஓரடியும் நகராது. அட்டை பழுதில்லை, கணினியும் பழுதில்லை. கணினி விழித்தெழும்போது முதலில் ஓடுகின்ற 'பயோஸ்' எனும் மென்பொருளுக்குள் ஓர் அனுமதிப் பட்டியல் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது. 2011 ஆம் ஆண்டின் அப்பட்டியலில் 2013 ஆம் ஆண்டின் அட்டைக்குப் பெயரில்லை. எச்.பி. நிறுவனத்தின் பழைய மடிக்கணினிகள் பலவற்றிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே அறிவித்தலின் இலக்கம் 104. இன்னும் விசித்திரம் என்னவெனில், பட்டியலில் உள்ள அதே இன்ரெல் அட்டையே ஆயினும், கணினி நிறுவனத்தின் அடையாள இலக்கம் பதியப்படாத பொதுவிற்பனைப் பிரதி மறுக்கப்படலாம்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லி வந்த நியாயம் சட்டம். அமெரிக்காவிற் கதிர்வீச்சுக் கருவிகளுக்கு மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் தேவை. அட்டையும் அன்ரெனாவும் சேர்த்தே சோதிக்கப்படுகின்றன. ஆகவே சோதிக்கப்படாத சேர்க்கையை அனுமதிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆனால் அதே சட்டத்தின் கீழ் விற்கப்பட்ட டெல் நிறுவனத்தின் மடிக்கணினிகளிற் பொதுவாக இத்தகைய பூட்டு இருக்கவில்லை. லெனோவோவும் பின்வந்த திங்க்பாட் மாதிரிகளில் இதனைக் கைவிட்டுவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தால் அது எப்படி முடிந்தது? காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே எதை வைக்கலாம் என்று, விற்றவரே பத்து வருடத்தின் பின்னும் தீர்மானித்துக்கொண்டிருப்பது முறையல்ல என்பதே எமது கருத்து. பட்டியலை எழுதியவர் அதைப் புதுப்பிக்கவும் மாட்டார், திறந்துவிடவும் மாட்டார் என்றால், நல்லதொரு கணினி குப்பைக்குப் போவதற்கு அவரும் பொறுப்பாளிதான்.

கனடாவில் இவ்விடயம் சற்று நகர்ந்திருக்கின்றது. 2024 நவம்பரிற் பதிப்புரிமைச் சட்டத்துக்கு இரண்டு திருத்தங்கள் நிறைவேறின. ஒன்று, பழுதைக் கண்டறிவதற்கும் பராமரிப்பதற்கும் திருத்துவதற்கும் மின்னணுப் பூட்டுக்களைத் தாண்டிச் செல்ல இடமளிக்கின்றது. மற்றது, ஒரு பொருளை வேறொன்றோடு இணங்கி இயங்கச் செய்வதற்கு அவ்வாறு செய்ய இடமளிக்கின்றது. ஆயினும் பூட்டைத் திறப்பவரைத் தண்டியாதே என்று சட்டம் சொல்கின்றதேயன்றி, திறப்பைக் கொடு என்று நிறுவனத்துக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் எக்ஸ்220 வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? பட்டியலிலுள்ள அட்டையை நிறுவனத்தின் உதிரிப்பாக இலக்கத்தோடு தேடி வாங்குவதே அமைதியான வழி. 'என் 1000' உள்ளவர், லெனோவோவுக்கென வந்த 6205 ஐ வாங்கினாற் போதும். பாவித்தது சில டொலருக்குக் கிடைக்கும். அது வை-ஃபை 4 தான். ஆனால் 5 கிகாஹேர்ட்ஸ் தெருவுக்கு வந்துவிடுவீர்கள், காணொளிக்கு அது போதும். மாற்றியெழுதிய பயோஸை ஏற்றிப் பூட்டை நீக்குவோரும் உண்டு. கைதேர்ந்தவர்களுக்கு அது ஒரு மாலைநேர வேலை. ஆனால் ஏற்றும்போது மின்சாரம் போனாலோ கோப்பு தவறினாலோ, கணினி கண் திறக்காது. வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினி என்றால் அந்த விளையாட்டு வேண்டாம்.

வேலையைத் தொடங்க முன்னர், புதிய அட்டைக்குரிய இயக்கி மென்பொருளை இறக்கி ஒரு யூ.எஸ்.பி. குச்சியில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மாற்றியபின் இணையம் இராது. இணையம் இல்லாமல் இயக்கியை இறக்க முடியாது. பின்னர் மின்கம்பியைக் கழற்றி, பற்றரியை வெளியே எடுத்து, கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மாரிகாலத்தில் வீட்டின் உலர்ந்த காற்றில் உடம்பில் மின்னேற்றம் சேரும். கதவுக் குமிழைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கின்றதே, அதே மின்னேற்றம் சிப்பைக் கொன்றுவிடும். உலோகம் ஒன்றைத் தொட்டு அதைப் போக்கிவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

சில கணினிகளில் அட்டை அடிப்பக்கத்து மூடியின் கீழ் இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையை எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணியையும் எங்கிருந்து கழற்றினீர்கள் என்று தாளில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். அட்டையின் மேல் இரண்டு மெல்லிய வயர்கள், பொதுவாகக் கறுப்பும் வெள்ளையும், சிறு பொன்னிறக் குமிழ்களில் பொருந்தியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். தலையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நேர்மேலாகத் தூக்குங்கள். இந்தக் குமிழ்கள் முப்பது தடவை மட்டில் கழற்றிப் பூட்டுவதற்கே செய்யப்பட்டவை. விளையாட்டாகக் கழற்றிக் கழற்றிப் பார்க்கக் கூடாது. ஸ்குறூட்றைவரால் ஆணியை எடுத்ததும் அட்டை தானாகவே சற்றுச் சரிவாக எழுந்து நிற்கும். அந்தச் சரிவிலேயே உருவுங்கள். அதே சரிவிற் புதியதைச் செருகி, அழுத்தி, ஆணியைப் பூட்டுங்கள். ஒரு வயர் 1 அல்லது 'மெயின்' என்ற குமிழுக்கு, மற்றது 2 அல்லது 'ஓக்ஸ்' என்றதற்கு. தலையைக் குமிழின் மேல் சரியாக நிறுத்தி விரலால் அழுத்த, 'கிளிக்' என்று உணர்வீர்கள். மூன்றாவதாகச் சாம்பல் நிற வயர் ஒன்று எஞ்சினால், அதன் தலையைப் பசைநாடாவாற் சுற்றி ஓரமாக விட்டுவிடுங்கள். அண்மைக்கால மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் இந்த வேலைக்கே இடமில்லை. அட்டை தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

திறந்து பார்க்கத் துணிவில்லாதவர்களுக்கு யூ.எஸ்.பி. துளையிற் செருகும் வை-ஃபை குச்சி உண்டு. அனுமதிப் பட்டியல் அதைத் தடுப்பதில்லை. பழைய யூ.எஸ்.பி. 2 துளையில் 480 மெகாபிற் என்ற உச்சவரம்பு இருந்தாலும், காணொளிப் பேச்சுக்கு அதிற் பத்திலொன்றும் வேண்டியதில்லை. பையிற் போகும்போது உடைந்துபோவதுதான் அதன் குறை.

புதிய ரவுட்டர் வந்ததிலிருந்து பழைய கணினி இணையவே மறுக்கின்றது என்பாரும் உண்டு. ரவுட்டர் 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 பாதுகாப்பை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், பழைய அட்டைகள் பலவற்றுக்கு அது புரியாது. இரண்டும் மூன்றும் கலந்த அமைப்புக்கு ரவுட்டரை மாற்றுங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். 'வெப்' என்ற பழைய முறையின் பூட்டு 2001 ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்ததையும் இங்கே நினைவூட்ட வேண்டும். எக்ஸ்220 காலத்துக் கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ற் போன்றவற்றை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். இங்கே பேசிய இன்ரெல் அட்டைகளுக்கான இயக்கி லினக்ஸின் உள்ளேயே இருக்கின்றது.

விசாரணையோ வேலைக்கான நேர்முகமோ உள்ள நாளில் மட்டும், எவ்வளவு நல்ல அட்டை இருந்தாலும் அதை நம்பியிருக்க வேண்டாம். ரவுட்டரிலிருந்து கேபிளை இழுத்து நேரே செருகுங்கள். பத்து மீற்றர் கேபிள் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். முதல்நாள் மாலை, உறவினர் ஒருவரை மறுமுனையில் இருத்தி, அதே மேசையில் அதே கேபிளோடு அரை மணி நேரம் பேசிப் பாருங்கள்.

கழற்றிய பழைய அட்டையை எறிய வேண்டாம். கடித உறையொன்றில் இட்டு, எந்தக் கணினியினுடையது என்று மேலே எழுதி வையுங்கள். அனுமதிப் பட்டியல் உள்ள கணினி என்றால், புதிய அட்டை என்றாவது பழுதாகும்போது அது மறுப்பின்றி ஏற்கும் அட்டை உங்கள் கையில் அது ஒன்றுதான் இருக்கும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கும்போது அந்த உறையையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.